வலையமைப்புக் கேள்வி பதில்: ரவுட்டர் கொப்பியும் உடைகிற குரலும்

ஐப்பசி இடி தொடங்கிவிட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவில் கரண்ட் போய் வந்தால் விடிந்ததும் எனக்கு அழைப்பு வரும். இந்த மாதக் கடிதங்களும் பெரும்பாலும் அந்த வகைதான். ஏழு கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் நீளமாகவே எழுதினேன், ஏனென்றால் அதே கேள்வி வேறு ஊர்களிலிருந்தும் வந்திருந்தது.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ரவுட்டர், மூன்று சுவிட்ச், இருபது கணினிகள். போன கிழமை இரவு கரண்ட் போய் வந்ததிலிருந்து கணக்குப் பிரிவுக் கணினிகளுக்கு சேர்வரும் பிரிண்டரும் தெரியவில்லை. இதைப் பொருத்தித் தந்த தம்பி இப்போது கட்டாரில். கடவுச்சொல் இங்கே யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா, பிள்ளை?
(சங்க முகாமையாளர், புதுக்குடியிருப்புப் பக்கம்)

பதில்: ஐயா, ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கணினிக் கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கிற அந்தப் பெட்டி, அதாவது சுவிட்ச், பழுதாகவில்லை. தனக்குச் சொல்லித் தந்ததை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குப் போடுகிற பல சுவிட்சுகளுக்குள் செற்றிங் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. அது தற்காலிக நினைவகத்தில் இருப்பதால் கரண்ட் போனால் கூடவே போய்விடும். மற்றது சேமித்து வைத்தது. கரண்ட் வந்ததும் சுவிட்ச் அதைத்தான் வாசித்து எழும்பும். சிஸ்கோ சுவிட்சில் முதலாவதற்கு ரன்னிங் கொன்ஃபிக் என்றும் இரண்டாவதற்கு ஸ்டார்ட்அப் கொன்ஃபிக் என்றும் பெயர். ஒரு மாற்றம் செய்தால் உடனே வேலை செய்யும். வேலை செய்கிறதுதானே என்று எழும்பிப் போய்விடுவோம். ஆனால் ‘ரைட் மெமரி’ என்று இன்னும் ஒரு கட்டளை கொடுத்தால்தான் அந்த மாற்றம் சேமித்த இடத்துக்குப் போகும். யூபிஎஸ் தாங்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதமானாலும் இந்த விடுபாடு யாருக்கும் தெரியாது. பட்டறி இறங்கிய ஓர் இரவில்தான் தெரியவரும்.

உங்கள் தம்பி கணக்குப் பிரிவைத் தனி விலானாகப் பிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். விலான் என்பது ஒரே சுவிட்சுக்குள் போடுகிற வேலி. ஒரு பக்கத்துக் கணினிகள் மற்றப் பக்கத்தைக் காணா. சேமிக்காமல் விட்டதால் கரண்ட் வந்தபின் அந்த சுவிட்சின் போர்ட் (கேபிள் குத்துகிற வாய்) எல்லாம் பழையபடி பொது விலானுக்குத் திரும்பியிருக்கும். இப்போது கணக்குக் கணினிகள் வேலிக்கு இந்தப் பக்கம், சேர்வரும் பிரிண்டரும் அந்தப் பக்கம்.

முதலில் கட்டாரிலுள்ள தம்பிக்கு வாட்ஸப்பில் எழுதுங்கள். கோபிக்காமல் கேளுங்கள். கடவுச்சொல் அவருக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருக்கும். அவர் பதில் எழுதும் வரை யாரையும் குண்டூசியால் ரீசெற் அழுத்த விடவேண்டாம். சிறிய ரவுட்டர்களில் அந்த ஓட்டையை அழுத்தினால் மிச்சமிருக்கும் செற்றிங்கும் அழிந்துவிடும். சிஸ்கோ சுவிட்ச் என்றால் முன்பக்க மோட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்து, பழைய செற்றிங்கை இழக்காமலே கடவுச்சொல்லை மாற்ற வழி இருக்கிறது. அதற்குக் கணினியை நேரே சுவிட்சோடு தொடுக்கிற கொன்சோல் கேபிளும் தெரிந்த ஆளும் வேண்டும். ஆள் வருவதற்கு முன்னர் மூன்று சுவிட்சையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த கேபிள் எந்த போர்ட்டில் என்று எண் வாசிக்கிற மாதிரிக் கிட்டப் போய் எடுக்க வேண்டும்.

சரி, இனித்தான் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு சாதனத்துக்கு ஒரு பக்கம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

“சுவிட்ச் 2. கணக்குப் பிரிவு, அலுமாரிக்கு மேல் சுவர்ப்பெட்டி. முகவரி 192.168.10.3. போர்ட் 1 முதல் 8 வரை கணக்குப் பிரிவு, விலான் 20. போர்ட் 9 பிரிண்டர், விலான் 20. 10 முதல் 20 வரை மற்றவர்கள், விலான் 10. 21 முதல் 23 வரை வெறுமை. 24 ரவுட்டருக்குப் போகிறது, இரண்டு விலானும் போகும். நவம்பர் 4: போர்ட் 17ஐ விலான் 20க்கு மாற்றினேன், காசாளர் மேசை இடம் மாறியதால். சேமித்தேன்.”

கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘சேமித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற பழக்கம் வந்தால், எழுதப் போகும்போதே சேமிக்கவில்லை என்பது ஞாபகம் வரும். என்ன மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதுங்கள். அந்தக் காரணத்தை எந்த சுவிட்சும் வைத்திருக்காது. கடவுச்சொல்லை மட்டும் கொப்பியில் எழுதாமல் ஓர் உறையில் ஒட்டி, சங்கத்து இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். உறையின் மேல் திகதி இருக்கட்டும்.

கொப்பியோடு செற்றிங்கின் பிரதியும் வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் இரண்டு விதமாக எடுக்கலாம். ‘பக்அப்’ என்பது அதே ரவுட்டருக்குத் திரும்பப் போடுவதற்கு. ‘எக்ஸ்போர்ட்’ என்பது வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. ரவுட்டர் இடியில் எரிந்து வேறு மொடல் வாங்கினால் கைகொடுப்பது இரண்டாவதுதான். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7இல் எக்ஸ்போர்ட் எடுத்தால் வைஃபை கடவுச்சொல் போன்றவை தானாக மறைக்கப்படும் என்பதையும் கவனியுங்கள். காட்டச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பிரதியை அதே அலுவலகக் கணினியில் மட்டும் வைத்தால் போதாது. ஒன்று பென்டிரைவில் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

2009இல் நாங்கள் ஊர் ஊராக நகர்ந்தபோது அம்மா எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தா. பாத்திரம், சைக்கிள் எல்லாம் போயிற்று. அந்தப் பை இருந்தபடியால்தான் பிறகு பள்ளிக்கூடத்திலும் கச்சேரி என்கிற அரச அலுவலகத்திலும் நாங்கள் யார் என்று காட்ட முடிந்தது. ஒரு ரவுட்டரை அதோடு ஒப்பிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பிரதி எடுத்து வையுங்கள் என்று நான் ஒவ்வோர் இடத்திலும் விடாமல் சொல்வதற்கு அந்தப் பைதான் காரணம்.

கேள்வி: அக்கா, எங்கள் பாடசாலையில் உயர்தர பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. கொழும்பிலிருந்து ஒரு சேர் ஸூமில் வகுப்பு எடுக்கிறார், மண்டபத்தில் திரையில் காட்டுகிறோம். பத்து மணிக்குப் பிறகு அவருடைய குரல் துண்டு துண்டாக உடைகிறது. வேகம் பார்த்தால் இறக்கம் 18 மெகாபிட், ஏற்றம் 3 மெகாபிட் காட்டுகிறது. 4ஜி ரவுட்டர். இந்த வேகம் போதாதா?
(ஆசிரியை, விசுவமடு)

பதில்: ரீச்சர், தாராளமாகப் போதும். ஒரு ஸூம் வீடியோவுக்கு நல்ல தரத்தில் 600 கிலோபிட் அளவிலும், கூடிய தரத்தில் ஒன்றிரண்டு மெகாபிட்டும்தான் செல்லும். குரல் மட்டும் என்றால் 100 கிலோபிட்டுக்கும் குறைவு. உங்களுக்குக் குறைவது வேகம் அல்ல. உங்கள் சேரின் குரல் வரிசையில் நின்று காத்திருக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு, யாரும் பாவிக்காத நேரத்தில், ஒரு கணினியில் பிங் ஓட விடுங்கள். ஒரு சிறு தரவுப் பொதி போய்த் திரும்பி வர எத்தனை மில்லி செக்கன் என்று ஒவ்வொரு வரியாக வரும். அதை ஓடவிட்டபடியே வேறொரு கணினியிலிருந்து ஒரு பெரிய கோப்பை கூகிள் டிரைவில் ஏற்றுங்கள். போன மாதம் தருமபுரத்தில் ஓர் இடத்தில் நான் இதைச் செய்தபோது 41, 39, 44 என்று வந்துகொண்டிருந்த எண்கள் கோப்பு ஏறத் தொடங்கியதும் 310, 680, 1120 என்று ஏறின. கோப்பை நிறுத்தினேன். திரும்ப 42.

ஆட்கள் பேசும்போது ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒரு செக்கன் கடந்து வருகிற குரலை ஸூம் எப்படித்தான் ஒட்டிக் கொடுக்கும்?

காரணம் 4ஜி ரவுட்டருக்குள்ளும் கோபுரத்திலும் இருக்கிற பெரிய தாங்கல் நினைவகம். ஒரு பொதியையும் கைவிடக்கூடாது என்று வந்ததையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மெகாபிட் ஏற்றத்துக்கு முன்னால் 256 கிலோபைட் அடுக்கி நின்றால் அது காலியாக ஒரு செக்கன் வேண்டும். பின்னால் வருகிற குரல் அந்த ஒரு செக்கனும் நிற்க வேண்டும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்து 2010 அளவில் உலகுக்கு உரத்துச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ். 2012இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒரு பொதி வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிற முறை அது. அதன் வழிவந்த எஃப்கியூ-கோடெல், கேக் என்பவை இப்போது சாதாரண ரவுட்டர்களிலேயே கிடைக்கின்றன.

என் அப்பாவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல், வாய்க்காலின் கடைசிப் பக்கம். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் இருந்தும் எங்கள் காணிக்கு வராது. மேலே உள்ளவர்கள் தேவைக்கு மேல் மடையைத் திறந்து விட்டிருப்பார்கள். அதனால்தான் விதைப்புக்கு முன் கூட்டம் வைத்து இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கர் என்று பங்கு வைக்கிறார்கள், வாய்க்காலுக்கு முறை வைக்கிறார்கள். யாராவது ஒருவர் துருசடியில், தண்ணீர் திறந்து விடுகிற இடத்தில், நிற்க வேண்டும். உங்கள் பாடசாலையில் துருசடியில் நிற்பது யார்? இப்போது தொலைபேசிக் கொம்பனியின் கோபுரமும் அவர்கள் தந்த வெள்ளை 4ஜி பெட்டியும். அவர்களுக்கு உங்கள் பௌதிகவியல் வகுப்பும் அலுவலகக் கணினியின் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்றுதான்.

ஆகவே வரிசையை உங்கள் கைக்குள் கொண்டுவர வேண்டும். 4ஜி பெட்டிக்குப் பின்னால் வரிசை வைக்கத் தெரிந்த ஒரு ரவுட்டரைப் போடுங்கள். மைக்ரோடிக்கில் சிறிய மொடல், அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போடக்கூடிய ஏதாவது ஒன்று. அதில் எல்லையை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். குறைக்காவிட்டால் வரிசை மறுபடியும் வெள்ளைப் பெட்டிக்குள் போய்விடும். 4ஜி வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் ஒரு கிழமை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அளந்து, கண்ட மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அது இறக்கம் 12உம் ஏற்றம் 2உம் என்றால் 10.5உம் 1.7உம் போடுங்கள். வரிசை வகைக்குக் கேக் என்று தெரிவு செய்யுங்கள். 18 இருந்ததை நீங்கள் 10.5 ஆக்கிவிட்டீர்கள் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். பிங் எண்ணைக் காட்டுங்கள்.

மைக்ரோடிக்கில் ஒரு பொறி இருக்கிறது. வாங்கும்போதே வருகிற செற்றிங்கில் ஃபாஸ்ட்ட்ராக் என்று ஒரு விதி இருக்கும். அது பொதிகளைக் குறுக்கு வழியால் அனுப்பிவிடும், சாதாரண வரிசை எதற்கும் அவை படா. வரிசை எல்லாம் ஒழுங்காகப் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று எனக்கு எழுதியவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அந்த விதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், அலுவலகக் கணினிகளின் விண்டோஸ் அமைப்பில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்ற பக்கத்துக்குப் போய், அப்டேட் இறக்கத்துக்கு எல்லை வையுங்கள். உள்வலையில் உள்ள கணினிகள் ஒன்றிடமிருந்து ஒன்று அப்டேட் வாங்கிக்கொள்ளவும் அங்கேயே வழி இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கிற திரைக்கு வைஃபை வேண்டாம். மண்டபத்துக் கணினிக்கு ஒரு கேபிள் இழுத்து விடுங்கள்.

கேள்வி: வவுனியாவில் தொடர்பாடல் நிலையம் வைத்திருக்கிறேன். 100 மெகாபிட் பக்கேஜுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: பெரிய கோப்புகள் சீக்கிரம் இறங்கும். தாமதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. மேலே ரீச்சருக்குச் சொன்ன பிங் சோதனையை முதலில் செய்யுங்கள். ஆறுதலாக இருக்கும் நேரத்திலேயே பிங் மோசம் என்றால் கம்பியிலோ சிக்னலிலோ பிரச்சினை. பாரம் ஏறும்போது மட்டும் மோசமானால் வரிசைப் பிரச்சினை. இரண்டும் இல்லை, ஆனால் நாள் முழுக்க எல்லை முட்டிக்கொண்டே நிற்கிறது என்றால் பக்கேஜை மாற்றுங்கள்.

கேள்வி: அக்கா, ஒரு நிறுவனத்தில் ஐபி தொலைபேசிகள் பொருத்தினேன். தொலைபேசியில் டிஎஸ்சிபி 46 என்று சரியாகப் போட்டேன், சுவிட்சிலும் கியூஓஎஸ்ஸை (குரல் போன்றவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கிற வசதி) இயக்கினேன். இயக்கிய பிறகு முன்னரைவிட மோசம். நான் என்ன பிழை விட்டேன்?
(தொழில்நுட்பவியலாளர், மாங்குளம்)

பதில்: தம்பி, 46 சரிதான். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்று ஆறு பிட் இடம் இருக்கிறது. 0 முதல் 63 வரை ஓர் எண் எழுதலாம். 1998இலிருந்து இந்த முறை இருக்கிறது, குரலுக்கு 46 என்பது வழக்கம். ஆனால் அது உறையின் மேல் ‘அவசரம்’ என்று எழுதுவது மாதிரி. தபால்காரர் அதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய சிஸ்கோ கற்றலிஸ்ட் சுவிட்சுகளில், 2960 போன்றவற்றில், கியூஓஎஸ்ஸை இயக்கினால் அது எந்த போர்ட்டையும் நம்பாது. தொலைபேசி எழுதிய 46ஐ அழித்து 0 என்று எழுதி அனுப்பும். இயக்காமல் விட்டிருந்தால் 46 அப்படியே போயிருக்கும். மோசமானதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். தொலைபேசி இருக்கிற போர்ட்டிலும் மேலே போகிற போர்ட்டிலும் டிஎஸ்சிபியை நம்பச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். மற்றக் கணினிகள் இருக்கிற போர்ட்டை நம்பவிட வேண்டாம். ஏதாவது ஒரு மென்பொருள் தன் பொதி எல்லாவற்றுக்கும் 46 என்று எழுதினால் குரல் வரிசை நிரம்பிவிடும்.

குரல் வரிசைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கையால் கணக்குப் போடலாம். குரலைத் தரவாக்குகிற முறை ஜி.711 என்றால் செக்கனுக்கு 50 பொதி. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு. 200ஐ 50ஆல் பெருக்கி 8ஆல் பெருக்கினால் 80 கிலோபிட். ஈதர்நெட் தலைப்பும் சேர்த்து 87 அளவு. ஒரே நேரத்தில் பத்து அழைப்பு என்றால் 900 கிலோபிட் ஒதுக்குங்கள். இந்த 46 எல்லாம் உங்கள் வேலிக்குள் மட்டும்தான். இணையத்துக்குள் போனதும் அதை மதிக்க யாருக்கும் கடமை இல்லை. கொழும்புக் கிளைக்கு அழைக்கும்போதும் குரல் தெளிவாக வேண்டும் என்றால் இணைப்புத் தருகிறவர்களிடம் அதற்கான சேவையைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஆனால் இவ்வளவையும் செய்வதற்கு முன்னர், சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பக்கம் 100 ஃபுல் டியூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று கையால் கட்டிவைத்து, மறுபக்கம் ஓட்டோவில் (தானாகத் தெரிவு செய்ய விட்டு) இருந்தால், ஓட்டோவில் இருக்கிற பக்கம் ஹாஃப் டியூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) விழுந்துவிடும். பிங் போட்டால் எல்லாம் நல்லாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பேசத் தொடங்கும்போது உடையும். கியூஓஎஸ் பிரச்சினை என்று என்னைக் கூப்பிட்ட ஓர் இடத்தில் இரண்டு நாள் வரிசைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாள்தான் பிழை எண்ணிக்கை ஓடுவதைக் கண்டேன். இரண்டு பக்கத்தையும் ஓட்டோவுக்கு விட்டதும் சரி.

கேள்வி: ஒரு கல்வி நிறுவனத்தில் மூன்று கட்டடம், 14 சுவிட்ச், 4 ரவுட்டர். கொப்பியில் எழுதுகிறோம், ஆனால் இரண்டு பேர் வேலை செய்வதால் கொப்பியும் சாதனமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. வழி என்ன?
(கிளிநொச்சி)

பதில்: பதினெட்டுச் சாதனம் வந்துவிட்டால் ஒரு இயந்திரமும் உங்களோடு சேர்ந்து கொப்பி எழுத வேண்டும். ஒக்சிடைஸ்ட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு முன்னர் ரான்சிட் என்று ஒன்று, அதுவும் நல்லது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓட விடலாம். தானாகவே மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் போய் செற்றிங் முழுவதையும் எடுத்து வரும். போன தடவை எடுத்ததிலிருந்து ஒரு வரி மாறியிருந்தாலும் அதை ‘கிட்’ என்ற மாற்றப் பதிவேட்டு மென்பொருளில் பதிந்துவிடும். ‘செவ்வாய் 11 மணிக்குப் பிறகு சுவிட்ச் 7இல் போர்ட் 12 விலான் 30இலிருந்து 10க்கு மாறியிருக்கிறது’ என்பது, நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை என்று கண்ணுக்குத் தெரியும். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டியதில்லை. முதலில் மூன்று சாதனத்தோடு தொடங்கி, ஒரு கிழமை பார்த்துவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். கொப்பியைக் கைவிட வேண்டாம். என்ன மாறியது என்று மென்பொருள் சொல்லும். ஏன் மாறியது என்பதைக் கொப்பிதான் சொல்லும்.

இதற்கு இரண்டு விஷயம் ஒழுங்காக இருக்க வேண்டும். நேரம் ஒன்று. பல சிறிய சாதனங்களுக்குள் கடிகாரப் பட்டறி இல்லை. கரண்ட் போய் வந்தால் 1970 ஜனவரி என்று காட்டும். எல்லாவற்றையும் ஒரே நேர சேர்வரோடு இணைத்து, 5.30 நேர வலயத்தைப் போடுங்கள். மற்றது பாதுகாப்பு. இந்தக் கோப்புகளுக்குள் கடவுச்சொற்கள் இருக்கும். சிஸ்கோவில் ‘7’ என்று வகைப்படுத்தி மறைத்தது மறைத்ததே அல்ல, நொடியில் திருப்பி வாசிக்கலாம். செற்றிங் கோப்பை வாட்ஸப் குழுவில் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சாதனங்களைக் கண்காணிக்க எஸ்என்எம்பி என்ற முறையைப் பாவிக்கிறீர்கள் என்றால், கடவுச்சொல் மாதிரி இருக்கிற ‘பப்ளிக்’ என்ற பழைய சொல்லை எடுத்துவிட்டு அதன் மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள்.

தூரத்திலிருந்து மாற்றம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் முல்லைத்தீவில் ஓர் அலுவலகத்து ரவுட்டரைக் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி திருத்திக்கொண்டிருந்தேன். ‘எல்லாவற்றையும் மறி’ என்கிற விதி ‘என்னை உள்ளே விடு’ என்கிற விதிக்கு மேலே போய்விட்டது. திரை அப்படியே நின்றது. அங்கே இணையமும் நின்றது. மாலை நாலு மணி, மறுநாள் அவர்களுக்குச் சம்பளம் அனுப்ப வேண்டும். மழைக்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துப் பரந்தனில் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. காவலாளி ஐயா எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடையோடு நின்றார். கேபிளைக் குத்தி அந்த விதியைக் கீழே இறக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

மைக்ரோடிக்கில் சேஃப் மோட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கட்டளைத் திரையில் கொன்ட்ரோலோடு எக்ஸ். அதை அழுத்திவிட்டு மாற்றம் செய்தால், தொடர்பு அறுந்து பத்து நிமிடத்துக்குள் எல்லா மாற்றமும் தானாகப் பழையபடி திரும்பிவிடும். சிஸ்கோவில் மாற்றத் தொடங்குவதற்கு முன் ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். நீங்கள் வெளியில் மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் அது சேமித்த செற்றிங்கோடு எழும்பும். எல்லாம் சரியாக நடந்தால் ரத்துச் செய்துவிட்டுச் சேமியுங்கள். ஜூனிப்பர் சாதனங்களில் இதே வேலைக்கு ‘கொமிட் கன்ஃபேர்ம்ட்’. அன்றைக்குப் பிறகு இவற்றில் ஒன்றைப் போடாமல் தூரத்துச் சாதனத்தில் ஓர் எழுத்துக்கூட நான் மாற்றியதில்லை.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். நெட்வேர்க் படிக்க ஆசை. கையில் சாதனம் ஒன்றும் இல்லை. எப்படித் தொடங்குவது அக்கா?
(மல்லாவி)

பதில்: தங்கச்சி, சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். நான்கு சுவிட்ச், இரண்டு ரவுட்டர் திரையில் போட்டு, கேபிள் இழுத்து, விலான் பிரித்துப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு, மறுநாள் வந்து அதைக் கண்டுபிடியுங்கள். சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ பரீட்சைக்கு எண் 200-301. அதற்கு அவசரமில்லை, ஆறு மாதம் கையால் செய்துவிட்டு யோசிக்கலாம். பெறுபேறு நன்றாக வந்தால் அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவிலும் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்பிள்ளை ஏணியில் ஏறிக் கேபிள் இழுப்பதா என்று கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். நல்ல ஏணியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இடி வந்தால் கரண்ட் பிளக்கைக் கழற்றுகிறோம், அப்படியும் போன வருடம் இரண்டு சுவிட்ச் எரிந்தது. பெட்டிக்குள் எறும்பும் வருகிறது.
(ஒட்டுசுட்டான்)

பதில்: உங்கள் கடிதத்தில் அலுவலகத்திலிருந்து களஞ்சியத்துக்கு வெளியால் கேபிள் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இடி கிட்ட விழுந்தால் அந்தச் செப்புக் கம்பியாலும் உள்ளே வரும். கரண்டைக் கழற்றினாலும் கம்பி சுவிட்சோடு தொடுத்திருக்கிறதே. அந்த ஒரு கேபிளை மட்டும் ஃபைபராக மாற்றுங்கள். கண்ணாடி இழைக்குள் மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி சேராத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் ஃபைபரைச் செப்புக் கேபிளோடு சேர்க்கிற மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்று வேண்டும். செப்புக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை என்ற கவலையும் அதோடு தீரும்.

எறும்புக்குப் பெட்டியின் கேபிள் ஓட்டைகளை சிலிக்கோன் பசையால் அடையுங்கள், காற்று வழிக்குச் சிறு கண் வலை போடுங்கள். மருந்து அடிக்க வேண்டாம், ஈரம் மின்சுற்றில் படும். ஃபைபர் வரும் வரை, மழை இருட்டுகிறபோது அந்த வெளிக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் அதன் தலையில் ஒரு துண்டு ரேப் ஒட்டி போர்ட் எண்ணை எழுதுங்கள். விடிய வந்து பூட்டுகிறவர் வேறு ஆளாக இருப்பார்.